சொந்த ஊர் கிடைக்கும் வரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கையெழுத்து கோணலாக இருக்கும். ரகரமும் றகரமும் எனக்கு இடம் மாறிப்போகும். ஒற்று எங்கே போடுவது என்று இன்றுவரை பிடிபடவில்லை. நான் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போனது கரூரில் ஐந்தாம் வகுப்பு வரைதான். இதைத் தட்டச்சு செய்கிறவர் திருத்திக்கொண்டால் நல்லது. திருத்தாமல் விட்டாலும் நீங்கள் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன். வாயால் சொல்லலாமே என்று கேட்பீர்கள். கோயில் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டை எடுத்துக்கொண்டு தூண் பக்கம் ஒதுங்குகிறவன் நான், உங்களுக்கே தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் ஹூஸ்டனில் சின்னப் பிள்ளைகளாக இருந்தவர்களுக்கு ஹில்கிராப்ட் சாலை ஞாபகம் இருக்கும். இப்போது அந்தப் பகுதிக்குக் காந்தி பெயர் வைத்துவிட்டார்கள். அப்போது வெறும் ஹில்கிராப்ட். மளிகைக் கடையின் பின்சுவர் முழுக்க வாடகைக்கு வீடியோ கேசட், கல்லாவுக்குப் பக்கத்தில் கொத்தாகத் தொங்கும் போன் கார்டு, பெருங்காயமும் ஊதுவத்தியும் கலந்த ஒரு வாடை. அந்தக் கடைக்கு நாலு கடை தள்ளி, சீன முகத்தோடு கொங்குத் தமிழ் பேசிக்கொண்டு கோபி மஞ்சூரியன் பரிமாறிய ஓர் அம்மாளை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். அவர் என் அத்தை, அப்பாவின் அக்கா. கடைசி மேசையில் காலிஃபிளவர் ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்த பையன் நான். ‘இந்தப் பையன் ஏன் வேலை நாளில் இங்கே இருக்கிறான்’ என்று உங்கள் அம்மாக்கள் கேட்டிருக்கக்கூடும். அதற்குத்தான் இப்போது பதில் சொல்லப் பார்க்கிறேன்.

எங்கள் தாத்தா சீனாவில் பிறந்தவர். பத்து வயதில் தன் சித்தப்பாவோடு கப்பல் ஏறி, எங்கெங்கோ சுற்றி, கடைசியில் கரூரில் பல் வைத்தியம் பார்த்தார். நம் பக்கத்து நகரங்களில் ‘சீன பல் வைத்தியசாலை’ என்று பலகை மாட்டிய கடை ஒன்றாவது இருந்தது. அந்த மாதிரி ஒரு கடைதான் எங்களுடையது. கிராம்புத் தைல வாடை. காலால் மிதித்துச் சுழற்றுகிற துளைக்கும் மெஷின். கண்ணாடி அலமாரியில் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருக்கும் மாவுப் பற்கள். அப்பா அங்கேதான் பல் செட் கட்டக் கற்றுக்கொண்டார். அம்மா அரவக்குறிச்சிக்காரி. ‘பல்லுப் புடுங்க வந்தேன், மாட்டிக்கிட்டேன்’ என்பாள்.

தாத்தாவின் சித்தப்பா எப்போதோ இறந்தபோது, யாரோ இரக்கப்பட்டுக் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தின் கடைசிச் சுவரோரம் இடம் கொடுத்திருக்கிறார்கள். தாத்தா இறந்தபோது அங்கே இடம் கிடைக்கவில்லை. தெருக்காரர்கள் கூடி, அமராவதிக் கரையில் தகனம் செய்தார்கள். அன்பாகத்தான் செய்தார்கள். அப்பாவுக்கு மட்டும் அது உறுத்தலாகவே இருந்தது. பாதிச் சாம்பலை ஆற்றில் கரைத்துவிட்டு மீதியை ஒரு எவர்சில்வர் தூக்கில் போட்டார். பல் செட் கட்டும் இளஞ்சிவப்பு மெழுகை உருக்கி மூடியைச் சுற்றி ஊற்றி அடைத்தார். “இத அவரு ஊரு மண்ணுல வெக்கோணும்” என்றார். எந்த ஊர்? அது அவருக்கும் தெரியாது, அத்தைக்கும் தெரியாது. சீனாவில் ஓர் ஊர், அவ்வளவுதான். தாத்தா அதைப் பற்றி வாயே திறந்ததில்லை. மற்றவர்கள் வாயைத் திறக்க வைப்பதிலேயே அவர் காலம் போய்விட்டது.

நாங்கள் தொண்ணூற்று நாலில் ஹூஸ்டன் வந்தோம். அத்தை ஸ்பான்சர் பண்ணி கிரீன் கார்டு வாங்கித் தந்தார். தூக்கு அப்பாவின் மடியில் விமானத்தில் வந்தது.

இங்கே வந்த பிறகுதான் அப்பாவுக்கு அந்த ஊரைத் தேடுகிற பரபரப்பு பிடித்தது. காரணம் நம் ஆட்கள்தான் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பேர்லேண்ட் கோயிலுக்குப் போவோம். சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் யாராவது புதியவர் சிரித்துக்கொண்டே வருவார்.

“சார் நல்லாத் தமிழ் பேசறீங்களே. எந்த ஊரு?”

“கரூருங்க.”

“அட, நான் காங்கேயம். இல்ல சார், நான் கேட்டது சொந்த ஊரு.”

“கரூர்தானுங்க. பஜார்ல கடை.”

“அது சரி, அதுக்கு முன்னாடி?”

அப்பாவும் சிரிப்பார். கெட்ட எண்ணத்தில் யாரும் கேட்கவில்லை. முதல் தடவை பார்க்கிற யாரிடமும் நாம் கேட்கிற கேள்விதானே. கரூரில் யாரும் கேட்டதில்லை, ஏனென்றால் எல்லாருக்கும் அவரைத் தெரியும். இங்கே வாரம் ஒருவர் கேட்டார். திரும்பி வரும்போது ஃப்ரீவேயில் அப்பா ஸ்டியரிங்கை விரலால் தட்டிக்கொண்டே வருவார். “அதுக்கு முன்னாடியாமா” என்பார். கொஞ்ச தூரம் போய் மறுபடியும், “அதுக்கு முன்னாடியாமா.”

“வுடுங்க” என்பாள் அம்மா. “கேக்கறவங்களுக்கு ஒரு வாயி. சீனான்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே?”

“சீனா ஒரு ஊராடி? அவன் இந்தியான்னா சொல்றான்? காங்கேயம்கறான்.”

எங்கள் அபார்ட்மெண்டில் பெட்டிகளைப் பிரிக்கவே இல்லை. சட்டை வேண்டுமென்றால் பெட்டியைத் திறந்து எடுத்துவிட்டு மறுபடி ஜிப் போட வேண்டும். மெத்தை தரையில் கிடந்தது. அப்பா கட்டில் வாங்க விடவில்லை. ஊர் கிடைத்துவிட்டால் உடனே சீனாவுக்குப் போக வேண்டும், அங்கேயே சில மாதம் இருக்க வேண்டி வரலாம் என்பது அவர் கணக்கு. அதே கணக்கில்தான் என் பள்ளிக்கூடமும் நின்றது.

“இவனை எப்பங்க ஸ்கூல்ல சேக்கறது?” என்று அம்மா வந்த முதல் மாதமே கேட்டாள்.

“சேத்துட்டு, அடுத்த மாசம் லீவு குடுங்கன்னு போய் நிக்கறதா? ஊரு தெரியட்டும். வந்து நிம்மதியாச் சேக்கலாம்.”

அத்தைதான் வழி சொன்னார். டெக்சாஸில் பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைக்கலாமாம், யாரையும் கேட்க வேண்டியதில்லையாம். “யாராச்சும் கேட்டா ஹோம் ஸ்கூல்னு சொல்லிரு, தம்பி.”

“ஹோமும் இல்ல, ஸ்கூலும் இல்ல” என்று அம்மா வெங்காயத்தை நறுக்கினாள்.

காலையில் மஞ்சள் பஸ் எங்கள் அபார்ட்மெண்ட் வாசலில் வந்து நிற்கும். அந்த நேரத்தில் ஜன்னல் பக்கம் நிற்காதே என்று அப்பா சொல்லியிருந்தார். நான் சமையலறையில் நின்று சத்தத்தை மட்டும் கேட்பேன். பிரேக்கின் பெருமூச்சு, பிள்ளைகளின் செருப்புச் சத்தம், கதவு மடங்கி மூடுவது. சத்தம் போன பிறகு ஜன்னலுக்குப் போனால் புகை வாடை மட்டும் இருக்கும். அதை முகர்ந்துகொண்டு கொஞ்ச நேரம் நிற்பேன்.

ஞாயிறு மத்தியானம் கோயில் முடிந்து பெல்லேர் பக்கம் சீனக் கடைகளுக்குப் போவோம். அப்பாவுக்குத் தாத்தாவின் சீனப் பேச்சில் தெரிந்தது நாலு வார்த்தைதான், அதுவும் கடையில் காதில் விழுந்தது. ‘வாயைத் திற’, ‘துப்பு’, ‘வலிக்கிறதா’, ‘இன்னும் கொஞ்சம்’. அந்த நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு ஊர் கண்டுபிடிக்கப் புறப்பட்டவர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். மீன் தொட்டிக்குப் பக்கத்தில் யாராவது பெரியவர் தனியாக நின்றால் பணிவாகப் போய்க் கும்பிட்டு, “வாயைத் திற, துப்பு” என்பார். யாருக்காவது புரிந்தால் அவர் தாத்தா ஊர்க்காரர் என்று அர்த்தம். பலருக்குப் புரியவில்லை. ஒருவருக்கு அரைகுறையாகப் புரிந்துவிட்டது. அவர் கையிலிருந்த முள்ளங்கியை ஓங்கிக்கொண்டு வந்தார். நான் அரிசி மூட்டைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். காரில் அம்மா சிரித்து முடிக்கவே வெகு நேரமாயிற்று. அப்பா சிரிக்கவில்லை. “கான்டனீஸ் இல்லைங்கறாங்க. தைவானும் இல்லைங்கறாங்க. நடுவுல எங்கியோ” என்று சொல்லிக்கொண்டே, திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் ஓட்டிக்கொண்டு போனார்.

சான் ஃபிரான்சிஸ்கோவில் பழைய சீனச் சங்கங்கள் இருக்கின்றன, அங்கே கேட்டால் தெரியும் என்று யாரோ சொன்னார்கள். உடனே அதற்குப் பக்கத்திலிருக்கும் மில்பிடாஸுக்குக் கிளம்பினோம். பிரிக்காத பெட்டியாக இருந்ததால் கட்டுகிற வேலை இருக்கவில்லை. அப்பா அங்கே ஒரு கம்பெனியில் சர்க்யூட் போர்டுக்குப் பற்றுவைக்கிற வேலைக்குச் சேர்ந்தார். பல் வேலை செய்த கை, சுலபமாக வந்தது. மேலதிகாரி அவரை நிரந்தரமாக இருக்கச் சொன்னார். சங்கங்களில் கையை விரித்துவிட்டார்கள். ஆறு மாதத்தில் மறுபடி ஹூஸ்டன். இப்போது நினைத்தால், எங்களுக்கு வாய்த்த நல்ல வாழ்க்கை அந்த மில்பிடாஸில்தான் இருந்தது. அம்மா அங்கே ஒரு ரோஜாச் செடி கூட வைத்தாள். அது யார் வீட்டில் பூத்ததோ.

திரும்பி வந்ததும் பெல்லேரிலிருந்து மூன்று பெரியவர்களை அப்பா வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். பல மாகாணங்களின் வழக்கங்கள் தெரிந்தவர்களாம். அன்று காலையில் வீடு தலைகீழானது. முருகன் படம் பெட்டிக்குள் போயிற்று. திருநீற்றுக் கிண்ணம் குளியலறை அலமாரிக்குப் போயிற்று. அம்மாவின் தைப்பூச விளக்கு, அதன் காகிதக் கூண்டோடு, செருப்பு அலமாரிக்குள் போயிற்று. அத்தை கடையிலிருந்து சிவப்புக் காகிதமும் டிராகன் காலண்டரும் வந்தன.

“என்னையும் பெட்டியில வெச்சுப் பூட்டிருங்க” என்றாள் அம்மா.

“ஒருநாள்டி. அவங்க நம்மளப் பாத்தா சீனக் குடும்பம்னு தெரியோணும். அப்பத்தான் மனசு வந்து யோசிப்பாங்க.”

பெரியவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள். ஒருவர் ஆங்கிலத்தில் கேட்டார்: உங்கள் தகப்பனார் புது வருடத்துக்கு என்ன செய்வார்? செத்தவர்களுக்கு என்ன படைப்பார்? அப்பா ஊதுவத்தி, ஆரஞ்சுப் பழம், பிறந்த நாளுக்கு நூடுல்ஸ் என்று சொல்லிக்கொண்டே போனார். எல்லாரும் செய்வதுதான் என்று அவர்கள் தலையாட்டினார்கள். வேறு எதுவும் இல்லையா, அவர் மட்டும் செய்வது? அப்பா ரொம்ப யோசித்தார். இல்லை என்றார்.

அந்த விளக்கைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். கரூரில் வருடத்துக்கு ஒருநாள், பொங்கல் கழிந்து வரும் ஒரு பவுர்ணமியன்று, தாத்தா மூங்கிலைச் சீவி நாலு குச்சி நிறுத்தி, எண்ணெய் தடவிய காகிதத்தைச் சுற்றி ஒட்டி, உள்ளே ஓர் அகல் வைப்பார். இருட்டுவதற்குள் அதைத் தன் சித்தப்பாவின் கல்லறையில் கொண்டுபோய் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார். முழங்கால் போன பிறகு அம்மாவிடம் கொடுத்து அனுப்பினார். சில வருடம் அது தைப்பூசமாக இருக்கும். சில வருடம் ஒரு மாதம் தள்ளி மாசி மகமாக இருக்கும். தெருவில் அதை முருக பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள். “டாக்டருக்குத் தைப்பூசம் எது, மாசி மகம் எதுன்னு இன்னும் பிடிபடலீங்க” என்று எதிர்க்கடை ஜவுளிக்காரர் கேலி பேசுவார். தாத்தாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

தாத்தாவுக்குப் பிறகு அம்மா அதை விடவில்லை. கோயில் காலண்டரில் தைப்பூசம் பார்த்து, அத்தை கடையின் கபாப் குச்சியிலும் பட்டர் பேப்பரிலும் கூண்டு செய்து, தூக்குக்கு முன்னால் வைப்பாள். முதல் வருடம் புகை அலாரம் அலறி, அபார்ட்மெண்ட் மேனேஜர் ஓடிவந்தார். அதிலிருந்து பார்க்கிங் ஓரத்துப் புல்தரையில் வைத்தோம். காற்று அணைக்காமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

தொண்ணூற்று எட்டு என்று நினைக்கிறேன். எனக்குப் பதினாலு வயது. மேலுதட்டில் கறுக்க ஆரம்பித்திருந்தது. தைப்பூசத்தன்று சாயங்காலம் விளக்குக்குப் பக்கத்தில் குந்தியிருந்தேன். மாடி வீட்டுக்காரர் காரை நிறுத்திவிட்டு வந்தார். அவர் மருத்துவமனைப் பக்கம் ஏதோ லேபில் வேலை பார்த்தவர், சீனாவிலிருந்து வந்து இரண்டு வருடம் இருக்கும். கையில் மளிகைப் பை, அதிலிருந்து வெங்காயத் தாள் நீட்டிக்கொண்டிருந்தது. என்னைத் தாண்டிப் போனவர் திரும்பி வந்து, பையைக் கீழே வைத்துவிட்டு என் எதிரில் குந்தினார்.

யாருக்கு, என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

என் தாத்தாவுக்கு, என்றேன்.

எந்த ஊர்க்காரர்?

கரூர் என்றுதான் வாயில் வந்தது. பிறகு சீனா என்றேன். சீனாவில் எங்கே என்றார். அதைத்தான் தேடுகிறோம் என்றேன்.

அவர் விரல் மடக்கி ஏதோ எண்ணினார். இன்றைக்குப் புது வருடத்தின் பதினைந்தாம் நாள், என்றார். எங்கள் ஊரில் இன்றைக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கல்லறைக்கு இந்த மாதிரி விளக்கு எடுத்துக்கொண்டு போவோம், இருட்டுவதற்குள். பிறகு வேகமாக இன்னும் நிறையச் சொன்னார். என் ஆங்கிலத்துக்கு எட்டவில்லை. அவர் காகிதக் கூண்டின் ஓரத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது மட்டும் நினைவிருக்கிறது.

அப்போதுதான் அப்பா அத்தை கடையிலிருந்து வந்து இறங்கினார், சட்டையெல்லாம் எண்ணெய் வாடை. மாடி வீட்டுக்காரர் எழுந்து போய் அவரிடம் எல்லாம் சொன்னார். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“நோ நோ சார். திஸ் இஸ் தைப்பூசம். ஹிந்து ஃபெஸ்டிவல். மை வைஃப்.”

அவர் முகம் சுருங்கிவிட்டது. சாரி சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு படியேறினார். நான் காற்று படாமல் விளக்கைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

உள்ளே போனதும் அம்மா கேட்டாள். “என்னவாமா அந்த மனுசன்?”

“உன்ற தைப்பூச வெளக்கப் பாத்துட்டு எங்கூர் வெளக்குங்கறான்.”

“என்ற வெளக்கா? ஏனுங்க, நாங்க எந்தக் காலத்துல கல்லறையில தைப்பூசம் கும்பிட்டோம்?”

“பின்ன? அப்பா தெருக்காரங்ககிட்டக் கத்துக்கிட்டதுதானே அது?”

“எந்தத் தெருக்காரன் கல்லறைக்குப் போனான்? எங்கூட்டுல செத்தவங்களுக்கு அமாவாசைதானுங்க. பவுர்ணமியில யாருங்க வெப்பாங்க? கலியாணமாகி வந்த புதுசுல உங்கப்பா கையில வெளக்கக் குடுத்து, சித்தப்பனுக்கு வெச்சுட்டு வா, திரும்பிப் பாக்காதன்னாரு. எங்கம்மாகிட்டப் போய் அழுதேன், வந்த மூணாம் மாசமே கல்லறைக்கு அனுப்பறாங்கன்னு. உங்கூட்டு வழக்கம்னுதான் இத்தன வருசமா செஞ்சுட்டு இருக்கேன்.”

அப்பா சட்டைப் பட்டனைக் கழற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. “சின்ன வயசுலருந்து எல்லாரும் தைப்பூசம்னாங்க. நானும் தைப்பூசம்னே இருந்துட்டேன்.”

“அந்தக் கெழவங்க வந்தன்னிக்கு அத செருப்புக்கூட வெச்சீங்க” என்றாள் அம்மா.

அப்பா திறந்த சட்டையோடு, வெறுங்காலோடு மாடிக்கு ஓடினார். நானும் பின்னால் போனேன். கதவு திறந்ததும் அப்பா மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. நேராகத் தன் நாலு வார்த்தையைச் சொன்னார். வாயைத் திற. துப்பு. வலிக்கிறதா. இன்னும் கொஞ்சம். மாடி வீட்டுக்காரர் ஒரு நிமிடம் விழித்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே தன் வாயை ஆவென்று திறந்து காட்டினார். அவருக்கு எல்லாம் புரிந்திருந்தது. தங்கள் பக்கத்திலிருந்து பல் வேலைக்கென்றே அந்தக் காலத்தில் ஆட்கள் வெளிநாடு போவார்கள் என்றும், ஏரிகள் நிறைந்த பூமி, வெள்ளம் வந்தால் பிழைப்பு போய்விடும் என்றும் அப்பாவை உட்கார வைத்துச் சொன்னார். அப்பா தேநீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

அதற்கப்புறம் போன் கார்டுகள். கல்லாவில் தொங்கியதையெல்லாம் அப்பாவே வாங்கிவிட்டார் போல. மாடி வீட்டுக்காரர் தன் மாமாவைக் கேட்டார், மாமா யாரையோ கேட்டார். எங்கள் குடும்பப் பெயர்க்காரர்கள் அந்த வட்டாரத்தில் மூன்று ஊர்களில் இருந்தார்கள். ஒவ்வொன்றாக விசாரித்தார்கள். ஏரிக்கரையில் ஓர் ஊரில், அண்ணன் மகனைக் கூட்டிக்கொண்டு பல் வேலைக்குப் போய்த் திரும்பி வராத ஒருவரின் பெயர் சொன்னார்கள். கரூர்க் கல்லறைக் கல்லில் இருந்த அதே பெயர். செய்தி வந்த அன்று அத்தை கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்து அப்பாவின் தலையில் கைவைத்து அழுதார்.

“வந்ததும் இவனச் சேத்தறலாங்க, இல்லீங்களா?” என்று அம்மா கேட்டாள்.

“வந்த மறுநாளே” என்றார் அப்பா.

அடுத்த வருடம் அந்த விளக்கு நாளுக்குப் போய்ச் சேர்கிற மாதிரி அப்பா கிளம்பினார். தூக்கைப் பழைய வேட்டியில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் அம்மா பெட்டிகளைப் பிரித்து, துணிகளை அலமாரியில் அடுக்கினாள். எனக்கு ஒரு பேன்ட்டும் பையும் வாங்கினாள். பையை நான் ராத்திரி பக்கத்திலேயே வைத்துக்கொண்டு படுத்தேன்.

அப்பா திரும்பி வந்தபோது கைப்பை கனமாகவே இருந்தது. அம்மா வேட்டியைப் பிரித்தாள். மெழுகு உடையவில்லை.

“ஏனுங்க, வெக்கலையா?”

அப்பா தரையில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டுப் பேசினார். ஊர் முழுக்க வந்து வெடி வெடித்துக் கூட்டிக்கொண்டு போனார்களாம். அவரை மாதிரியே மூக்கு உள்ளவர்களாம். பழைய கல்லறை மேடுகள் இல்லை, எப்போதோ சமப்படுத்தி மீன் குட்டை வெட்டிவிட்டார்களாம். ஆனாலும் விளக்கு நாளில் குட்டைக் கரையில் அவரவர் இடம் என்று அவரவருக்குத் தெரியும். கரை நெடுக விளக்கு.

“எனக்கும் ஒரு இடம் காட்டுனாங்க. தாராளமா வெய்யின்னாங்க. மெழுக ஒடைக்கக் கத்தி கூடக் குடுத்தாங்க. எல்லாத்துக்கும் அங்க வெளக்கு வெக்க ஆள் இருக்குது. அப்பாவத் தெரிஞ்ச ஒரு சீவன் அங்க இல்ல. அவரு பத்து வயசுல வந்தது. அத்தன பேருக்கு நடுவுல தெரியாத ஆளாட்டம் அவர வுட்டுட்டு வர எனக்குக் கை வரல.”

அம்மா தூக்கை மறுபடி வேட்டியில் சுற்றினாள். அப்பாவே சொன்னார், “இங்கயே எங்காச்சும் வெப்போம். நாம இருக்கற எடத்துல.” அந்த மாதமே பேர்லேண்டுக்கு வெளியே ஒரு பொதுக் கல்லறையில் சின்னதாக ஓர் இடம் வாங்கி, தூக்கை அங்கே வைத்தார்கள். கரூரில் அந்தச் சித்தப்பாவின் கல்லுக்கு நாங்கள் வந்ததிலிருந்து யாரும் விளக்கு வைத்திருக்க மாட்டார்கள். அந்தச் சுவர் இன்னும் இருக்கிறதா என்றும் எனக்குத் தெரியாது.

சொன்னபடி, வந்த மறுநாளே அப்பா என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே நான் போனது கொஞ்ச காலம்தான், நிலைக்கவில்லை. அது வேறு கதை. அந்தக் காலை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

அப்பா நல்ல சட்டை போட்டிருந்தார். உற்சாகமாக இருந்தார். காரில் வழியெல்லாம், ஏரியில் பார்த்த படகைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். ஆபீஸில் ஒரு வெள்ளைக்காரப் பெண் எங்களை உட்கார வைத்தாள். பெயர், விலாசம் எல்லாம் எழுதிக்கொண்டாள். கடைசியாகப் படித்த பள்ளிக்கூடம் எது என்றாள். அப்பா கரூர்ப் பள்ளியின் பெயரைச் சொன்னார். எந்த வருடம் வரை என்றாள்.

அப்பா வாயைத் திறந்தார். பிறகு மேசைக்குக் கீழே விரல்களை மடக்க ஆரம்பித்தார். ஹூஸ்டன் வந்த வருடம். மில்பிடாஸ். திரும்பி வந்தது. விளக்கு. போன் கார்டு. ஒரு கை முடிந்து, விரல்கள் மூடிய முஷ்டியாகத் தொடைமேல் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அவர் காதுயரத்துக்கு வளர்ந்திருந்தேன்.

“இத்தன வருசமாச்சாடா?” என்றார் தமிழில்.

“ஆமாங்கப்பா.”

“ஒருநாளாச்சும் என்னையச் சேத்து வுடுங்கன்னு நீ கேக்கலையேடா.”

அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு படிவத்தைத் திருப்பி, வருடத்தை அவரே எழுதட்டும் என்று பேனாவை அப்பா பக்கம் நகர்த்தி வைத்தாள். அப்பா அதை எடுக்கவில்லை. நான்தான் எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

எழுதி முடித்தது: 2025 நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை.